ஊசியில் இருப்பது என்ன? எம்எஸ் நோயாளியின் மூளைக்கு பெட் ஸ்கேன்: சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

என் தம்பிக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்எஸ்) என்ற நரம்பு நோய் இருக்கலாம் என்று மருத்துவர் சொன்ன வாரத்தில், எங்கள் வீவக வீட்டில் நோயைவிட ஊசியைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். எம்ஆர்ஐ எடுக்கும்போது அவன் கையில் மருந்து ஏற்றியிருந்தார்கள். அம்மா அதைக் கதிர்வீச்சு ஊசி என்று எடுத்துக்கொண்டார். எட்டு மாதக் குழந்தையை இரண்டு நாள் அவனிடம் கொடுக்கவே இல்லை. அவன் குடித்த குவளையைக்கூடத் தனியாகக் கழுவி ஒதுக்கி வைத்தார். அவன் சோபாவில் உட்கார்ந்தபடி மகள் தவழ்வதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஊசியில் கதிரியக்கம் துளியும் இல்லை என்பது மூன்றாம் நாள்தான் எங்களுக்குத் தெரியவந்தது.

ஓராண்டு கழித்து, உண்மையாகவே கதிரியக்க மருந்து ஏற்றும் பெட் ஸ்கேன் ஆய்வு ஒன்றில் சேர அவனுக்கு அழைப்பு வந்தது. இந்த முறை அவன் நேர்மாறாகப் போனான். "ஊசிதானே, பழகியதுதான்" என்று, பட்டினியாகப் போக வேண்டிய காலையில் வயிறு நிறைய ரொட்டி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பப் பார்த்தான். இரண்டு தவறுக்கும் வேர் ஒன்றே. ஊசிக்குள் இருப்பதன் பெயரை நாங்கள் யாரும் கேட்கவில்லை. புதிதாக இந்த வழியில் வருபவர்கள் அந்தப் பெயரில் இருந்தே தொடங்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். காத்திருப்பு நாற்காலியில் நிறைய நேரம் உட்கார்ந்தவன்.

முதல் படி: இரண்டு ஊசிகளையும் பிரித்து அறியுங்கள்

எம்ஆர்ஐயில் ஏற்றுவது கேடோலினியம். அது காந்தப் பண்பு கொண்ட ஓர் உலோகத்தின் சேர்மம். அதில் கதிரியக்கம் இல்லை. எம்எஸ் நோயில் உடலின் எதிர்ப்பு அணுக்கள் வழி தவறி மூளைக்குள் நுழைந்து, நரம்பு இழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையைத் தாக்குகின்றன. புதிதாகத் தாக்குதல் நடக்கும் இடத்தில் ரத்தக் குழாயின் சுவர் கசியும். அந்தக் கசிவு வழியே கேடோலினியம் இறங்கி, படத்தில் வெள்ளையாக ஒளிரும். சில வாரங்களில் கசிவு அடைபட்டதும் ஒளிர்வும் மறைந்துவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். திரும்பத் திரும்ப ஏற்றினால் உடலில் சிறிதளவு தங்குகிறது என்பதால், 2017-ல் ஐரோப்பிய மருந்து முகமை பழைய வகைகள் சிலவற்றின் பயன்பாட்டை நிறுத்தியது. அது வேறு கவலை. குழந்தையைத் தூக்குவதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

பெட் ஸ்கேனில் ஏற்றுவதுதான் கதிரியக்கப் பொருள். மருத்துவமனையில் ட்ரேசர் என்பார்கள். நான் தடங்காட்டி என்று எழுதுகிறேன். இந்த யோசனையின் தந்தை ஜார்ஜ் டி ஹெவெஷி என்ற ஹங்கேரிய வேதியியலாளர். 1911-ல் அவர் மான்செஸ்டரில் தங்கியிருந்த விடுதியில், மீந்த உணவே மறுநாள் புது வேடத்தில் மேசைக்கு வருகிறது என்று அவருக்குச் சந்தேகமாம். தட்டில் மிச்சம் வைத்ததில் கதிரியக்கப் பொருளைத் துளியூண்டு கலந்துவிட்டு, சில நாள் கழித்து வந்த உணவைக் கருவியால் சோதித்தாராம்; கருவி காட்டிக்கொடுத்துவிட்டது என்று அவரே சொன்னதாகக் கதை. தேக்கா பக்கம் மெஸ்ஸில் மாதக் கணக்கில் சாப்பிட்டவர்கள் அவருடைய ஆத்திரத்தைப் புரிந்துகொள்வார்கள். பொருளின் போக்கை மாற்றாமல், அது போகும் தடத்தை மட்டும் தெரிந்துகொள்ளும் இந்த முறைக்காக 1943-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

இன்று அந்தத் தட்டின் இடத்தில் மூளை. மூளையில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் போய் ஒட்டும் மூலக்கூறு ஒன்றை எடுத்து, அதில் கதிரியக்க அணு ஒன்றைப் பொருத்துகிறார்கள். அந்த அணு சிதையும்போது பாசிட்ரான் என்ற துகளை வெளிவிடும். அது அருகிலுள்ள எலக்ட்ரானோடு மோதி இரண்டும் அழிய, இரண்டு காமாக் கதிர்கள் எதிரெதிர்த் திசையில் பாயும். தலையைச் சுற்றியுள்ள வளையம் அவ்விரண்டையும் ஒரே நொடியில் பிடித்து, எந்தக் கோட்டிலிருந்து கிளம்பின என்று கணக்கிடும். இப்படிக் கோடிக்கணக்கான கோடுகள் சேர்ந்தால் படம். ஏற்றும் மருந்தின் எடையோ மைக்ரோகிராம் கணக்கில்தான். அது உடலில் மருந்தாக வேலை செய்யும் அளவு அல்ல.

இரண்டாம் படி: இது சிகிச்சைக்கா, ஆய்வுக்கா என்று கேளுங்கள்

இந்தக் கேள்வியை நேரடியாகக் கேளுங்கள், தயங்க வேண்டாம். எம்எஸ் நோயைக் கண்டறிய பெட் ஸ்கேன் தேவையில்லை. 2001 முதல் பல முறை திருத்தப்பட்டு வரும், எம்எஸ்தானா என்று முடிவுசெய்ய மருத்துவர்கள் பின்பற்றும் மெக்டொனால்ட் வரையறையில் எம்ஆர்ஐயும் முதுகுத் தண்டுவட நீரும்தான் முக்கியச் சாட்சிகள். நம் ஊரில் அதைவிட முக்கியமான ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. எம்எஸ் நிலநடுக்கோட்டை விட்டு விலகிய குளிர்நாடுகளில் அதிகம், இங்கே குறைவு. அதைப் போலவே தோன்றும் நியூரோமைலிட்டிஸ் ஆப்டிகா என்ற நோய் ஆசியாவில் ஒப்பீட்டளவில் அதிக இடம் பிடிக்கிறது. அக்குவாபோரின்-4 எதிர்ப்புப் புரதம் ரத்தத்தில் உள்ளதா என்று பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். எம்எஸ் மருந்துகளில் சில அந்த நோயை மோசமாக்கும் என்பதால், இந்தப் பரிசோதனை முடிந்ததா என்று கேட்பது பெட் ஸ்கேனைப் பற்றிக் கேட்பதைவிட அவசரமானது.

சிகிச்சைக்காகவே பெட் ஸ்கேன் எழுதிக் கொடுத்தால், மருத்துவர் பெரும்பாலும் வேறொன்றைத் தேடுகிறார்: கட்டியைப் போல் பெருத்த புண் உண்மையில் கட்டிதானா, லிம்ஃபோமா என்ற புற்றுநோயா, சார்க்காய்டோசிஸ் என்ற அழற்சி நோயா என்று. அப்படியானால் கட்டணம், மெடிசேவ், மெடிஷீல்ட் லைஃப் பற்றி மருத்துவமனையின் நிதி ஆலோசகரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு பொது மருத்துவமனைக்கு வந்திருந்தால் மானிய விலை பொருந்தும். கட்டமுடியாவிட்டால் மருத்துவ சமூக ஊழியரைப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

மற்ற பெட் ஸ்கேன்கள் அநேகமாக ஆய்வுக்கானவை. நரம்பியல் நிபுணர்கள் இருப்பது டான் டோக் செங் மருத்துவமனை வளாகத்திலும் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை வளாகத்திலும் இயங்கும் தேசிய நரம்பியல் கழகத்தில். ஆய்வுக்கான பெட் கருவிகளோ கென்ட் ரிட்ஜில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக வளாகத்திலும் உண்டு. ஆகவே உங்களை அழைக்கும் மருத்துவர் ஓரிடத்திலும், ஸ்கேன் இன்னோரிடத்திலும் இருக்கலாம். முகவரியைச் சரிபார்த்துவிட்டு எம்ஆர்டி ஏறுங்கள்.

மூன்றாம் படி: தடங்காட்டி எதில் ஒட்டுகிறது?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்; கொஞ்சம் நீளும்.

எம்ஆர்ஐயில் "புதிய புண் இல்லை" என்று அறிக்கை வரும். நோயாளிக்கோ நடை ஆண்டுக்கு ஆண்டு தளர்ந்துகொண்டே போகும். எங்கள் வீட்டில் இந்த முரண்பாட்டால் பல இரவுகள் தூக்கம் கெட்டது. காரணம், ரத்தக் குழாயின் கசிவு நின்ற பிறகும் பழைய புண்ணின் விளிம்பில் தீ, சாம்பல் மூடிய கங்குபோல் கனன்றுகொண்டிருக்கும். அங்கே மைக்ரோகிளியா என்ற மூளையின் காவல் அணுக்கள் விழிப்போடு குழுமியிருக்கும். கசிவு இல்லாததால் கேடோலினியம் அதைக் காட்டாது. அந்தக் கங்கைப் பார்க்கத்தான் தடங்காட்டிகள்.

மைக்ரோகிளியா விழித்துக்கொண்டால் அவற்றில் டிஎஸ்பிஓ என்ற புரதம் பெருகும். அதில் ஒட்டும் முதல் தலைமுறைத் தடங்காட்டி பிகே11195. எம்எஸ் நோயாளிகளின் மூளையில் அதைக் கொண்டு எடுத்த படங்களை லண்டன் ஆய்வாளர்கள் 2000-ல் வெளியிட்டார்கள். ஆனால் அதன் சமிக்ஞை மங்கல். பிறகு பிபிஆர்28, டிபிஏ-714 போன்ற கூர்மையானவை வந்தன. வந்ததும் ஒரு வேடிக்கை தெரிந்தது: சிலருடைய மூளையில் அவை நன்றாக ஒட்டுகின்றன, சிலரிடம் நடுத்தரமாக, சிலரிடம் ஒட்டவே மறுக்கின்றன. டிஎஸ்பிஓ மரபணுவில் ஒரே ஓர் எழுத்தின் மாற்றம்தான் காரணம். அதனால்தான் ஸ்கேனுக்கு முன் மரபணுவுக்கென்று ரத்தம் எடுப்பார்கள். "நீங்கள் குறைவாக ஒட்டும் வகை, ஆய்வில் சேர முடியாது" என்று திருப்பி அனுப்பினால் கலங்காதீர்கள். அது நோய் அல்ல, குறையும் அல்ல. சாவி மாறிய பூட்டு, அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டிஎஸ்பிஓ மைக்ரோகிளியாவில் மட்டும் இல்லை. நரம்பணுக்களுக்குத் துணைநிற்கும் அஸ்ட்ரோசைட் அணுக்களிலும் ரத்தக் குழாய்ச் சுவரிலும் உண்டு. ஆகவே ஒளிர்வதெல்லாம் அழற்சி என்று யாராவது அடித்துச் சொன்னால் கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள்.

மயலினைப் பார்க்கும் தடங்காட்டி வேறு. அல்சைமர் நோயின் அமிலாய்டு படிவைக் காண உருவாக்கிய பிட்ஸ்பர்க் சேர்மம் மயலின் நிறைந்த வெண்பொருளிலும் ஒட்டுகிறது என்று தெரிந்ததும், எம்எஸ் ஆய்வாளர்கள் அதைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். ஆகவே படிவத்தில் அமிலாய்டு என்ற சொல்லைக் கண்டு, தமக்கு மறதி நோய் வந்துவிட்டதாக யாரும் அழ வேண்டாம். மயலின் உரிந்த நரம்பில் வெளித்தெரியும் பொட்டாசியம் வாயில்களைத் தேடும் தடங்காட்டியும் உண்டு. எம்எஸ் நோயாளிகள் நடைக்காக விழுங்கும் டால்ஃபாம்ப்ரிடின் மாத்திரையின் உறவுக்கார மூலக்கூறு அது. நரம்பணுக்கள் கைகோக்கும் சந்திகளை எண்ணுவது ஒன்று. எஃப்டிஜி எல்லோருக்கும் தெரிந்தது: சர்க்கரையின் வேடத்தில் போய், எந்தப் பகுதி எவ்வளவு ஆற்றலை எரிக்கிறது என்று காட்டும்.

நான்காம் படி: கடிகாரத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

பெயருக்கு அடுத்துக் கேட்க வேண்டியது, அதில் பொருத்தியிருக்கும் அணு கார்பன்-11-ஆ, ஃபுளோரின்-18-ஆ என்று. கார்பன்-11-இன் அரை ஆயுட்காலம், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம், சுமார் 20 நிமிடம். காலை 10 மணிக்கு இருந்தது 10.20-க்குப் பாதி, 11 மணிக்கு எட்டில் ஒன்று, 11.40-க்கு 32-ல் ஒன்று. ஃபுளோரின்-18-க்கு 110 நிமிடம். 10 மணிக்கு இருந்தது 11.50-க்குத்தான் பாதியாகும். எனவே கார்பன்-11 அணுவை உண்டாக்கும் சைக்ளோட்ரான் என்ற இயந்திரம் அதே வளாகத்திலோ மிக அருகிலோ இருந்தாக வேண்டும். ஃபுளோரினை வேனில் தீவின் மறுமுனைக்கும் கொண்டுபோகலாம்.

இதனால் உங்களுக்கு என்ன? பேருந்து தாமதமானது என்று அரை மணி நேரம் கழித்துப் போனால், கார்பன்-11 உங்களுக்காகக் காத்திருக்காது. அரை மணி முன்னதாகவே போய் உட்காருங்கள். இன்னொன்று, தயாரித்த மருந்து தரச் சோதனையில் தேறாவிட்டால் அன்றைய ஸ்கேனே ரத்தாகும். என் தம்பிக்கு ஒருமுறை அப்படி ஆனது. பட்டினி கிடந்து போனவன் வெறும் கையோடு திரும்பினான். எரிச்சல்தான், ஆனால் தேறாத மருந்தை ஏற்றாமல் விட்டார்களே என்று நினைத்துக்கொண்டோம். வேலையிடத்தில் விடுப்பு கேட்கும்போது இரண்டாவது தேதியையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: ஒப்புதல் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து படியுங்கள்

அங்கேயே கையெழுத்திட வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு வாரம் கேளுங்கள். பெரியவர்களுக்குத் தமிழில் விளக்கம் வேண்டும் என்று கேட்பதில் தவறே இல்லை. படிவத்தில் தேட வேண்டியவை: தடங்காட்டியின் பெயர், எத்தனை ஸ்கேன், மணிக்கட்டுத் தமனியில் குழாய் வைப்பார்களா, தனிப்பட்ட முடிவை உங்களுக்குச் சொல்வார்களா, தற்செயலாக வேறு கோளாறு தெரிந்தால் யார் சொல்வார்கள், நடுவில் விலகினால் என்ன ஆகும். காரணம் சொல்லாமலே விலகலாம். அதனால் உங்கள் வழக்கமான சிகிச்சை கெடாது.

கதிர்வீச்சு அளவை மில்லிசீவர்ட் கணக்கில் எழுதியிருப்பார்கள். உலகில் சராசரி மனிதன் மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் உணவிலிருந்தும் ஆண்டுக்குப் பெறுவது 2.4 மில்லிசீவர்ட். ஏற்றும் பொருளின் கதிரியக்கத்தை மெகாபெக்கரல் கணக்கில் சொல்வார்கள்: மூளைக்கு 185 மெகாபெக்கரல் எஃப்டிஜி ஏற்றினால் சுமார் 3.5 மில்லிசீவர்ட், கார்பன்-11 தடங்காட்டிகள் பலவற்றில் 370 மெகாபெக்கரலுக்குச் சுமார் 2. சிடி இணைந்த கருவியானால் அதன் பங்கும் சேரும். எம்ஆர் இணைந்ததானால் சேராது. ஓர் ஆய்வில் மூன்று ஸ்கேன் என்றால் மூன்றால் பெருக்குங்கள். என் கருத்து: ஒரு ஸ்கேனுக்குப் பயப்பட வேண்டியதில்லை, ஆனால் சென்ற ஆண்டு வேறு ஆய்வில் எடுத்ததை மறைக்கவும் கூடாது.

கர்ப்பம், கர்ப்பத்துக்கான முயற்சி, தாய்ப்பால் ஆகிய மூன்றையும் இந்தக் கட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். எம்எஸ் இளம் பெண்களை அதிகம் தேடி வரும் நோய் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

ஆறாம் படி: முந்தைய நாளும் அன்று காலையும்

எஃப்டிஜி என்றால் நான்கு முதல் ஆறு மணி நேரம் பட்டினி. வெறும் தண்ணீர் குடிக்கலாம். சர்க்கரை இல்லாத கோப்பி ஓ கோசோங்தானே என்று உணவங்காடி நிலையத்தில் நிற்காதீர்கள். காஃபீனும் மூளையின் எரிப்பை மாற்றும். ரத்தச் சர்க்கரை அதிகமாக இருந்தால் உடலின் சர்க்கரையே எஃப்டிஜியை முந்திக்கொண்டு அணுக்களுக்குள் போய்விடும், படம் மங்கும். நோய் தீவிரமானபோது நாளுக்கு ஒரு கிராம் வீதம் ஸ்டீராய்டு ஏற்றியிருந்தால் சர்க்கரை ஏறியிருக்கும். எத்தனை நாளுக்கு முன் ஏற்றினார்கள் என்று சொல்லுங்கள். வேறு தடங்காட்டிகளுக்குப் பட்டினி தேவைப்படாமலும் போகலாம். அதனால்தான் பெயரைக் கேளுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

மாத்திரைகளைத் தாமாக நிறுத்தாதீர்கள். டயஸிபாம் வகைத் தூக்க மாத்திரைகள் சில தடங்காட்டிகளோடு மோதும். நிறுத்துவதா வேண்டாமா என்று அவர்கள் சொல்லட்டும். தசை இறுக்கத்துக்கான பேக்லோஃபெனைத் திடீரென்று விட்டால் வலிப்புகூட வரலாம்.

எந்தத் துண்டறிக்கையிலும் எனக்குக் கிடைக்காத ஒன்று சிறுநீர். எம்எஸ் உள்ளவர்களில் பலருக்குச் சிறுநீரை அடக்க முடியாது. ஆய்வு ஸ்கேன் 60 முதல் 90 நிமிடம்வரை அசையாமல் படுக்கச் சொல்லும். நடுவில் எழுந்தால் அன்றைய உழைப்பு பாழ். படுப்பதற்குக் கடைசி நொடியில் கழிவறைக்குப் போக அனுமதி கேளுங்கள். தேவைப்பட்டால் உறிஞ்சும் உள்ளாடை அணிந்து போங்கள். என் தம்பி முதலில் மறுத்தான். போய் வந்த பிறகு, அதுதான் அன்று செய்த புத்திசாலித்தனமான காரியம் என்றான். கால் தசை இழுத்துக்கொள்ளும் பழக்கம் இருந்தால் முழங்காலுக்கு அடியில் தலையணை கேளுங்கள். அறை குளிரும், கம்பளிச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: மேசையில்

கையில் ஊசிக்குழாய் வைப்பார்கள். எஃப்டிஜி என்றால் மருந்தேற்றியபின் அரை மணி நேரமோ அதற்கு மேலோ மங்கலான அறையில் விட்டுவிடுவார்கள். பேச்சு, கைப்பேசி, பாட்டு எதுவும் கூடாது. எந்தப் பகுதியை வேலை வாங்குகிறீர்களோ அது படத்தில் ஒளிரும். மற்றவற்றில் மேசையில் படுத்த பிறகே ஏற்றி, அந்த நொடியிலிருந்தே படம் எடுப்பார்கள். தலை அசையாமலிருக்க முகத்துக்கு வலை போன்ற உறை வைப்பதும் உண்டு. மூடிய இடம் பயம் என்றால் முதலிலேயே சொல்லுங்கள். ஊழியர்கள் மருந்தை ஏற்றிவிட்டுச் சட்டென்று விலகிப் போவார்கள். அது அருவருப்பு அல்ல. நமக்கு இந்தக் கதிர்வீச்சு ஒருநாள், அவர்களுக்கு அன்றாடம்.

எட்டாம் படி: வீட்டுக்குத் திரும்பியதும்

நிறையத் தண்ணீர் குடியுங்கள், அடிக்கடி சிறுநீர் கழியுங்கள், கழிவறையில் நன்றாகத் தண்ணீர் விடுங்கள், கையைக் கழுவுங்கள். காலை 10 மணிக்கு ஏற்றிய ஃபுளோரின்-18, இரவு 9 மணிக்கு ஆறு அரை ஆயுட்காலங்களைக் கடந்து 64-ல் ஒரு பங்காகியிருக்கும். சிறுநீரில் போனது தனி. கார்பன்-11 என்றால் நீங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கிட்டத்தட்டத் தீர்ந்திருக்கும். குழந்தையை எத்தனை மணி நேரம் மடியில் வைக்காமல் இருக்க வேண்டும், தாய்ப்பாலை எப்போது தொடரலாம் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அன்றிரவே ஜொகூருக்குப் போகும் திட்டமோ விமானப் பயணமோ இருந்தால் ஸ்கேன் எடுத்ததற்கான கடிதம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எல்லைகளில் கதிரியக்கத்தை உணரும் கருவிகள் இருக்கலாம்.

தம்பி திரும்பிய அன்று அம்மா கதவைத் திறந்ததும் கேட்டது, "எத்தனை மணிக்கு ஏற்றினார்கள்?" என்றுதான். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து விரல்விட்டு எண்ணினார்.

ஒன்பதாம் படி: படத்தைப் பார்க்கும்போது

படத்தில் சிவப்பைக் கண்டு நெஞ்சைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். அந்த நிறங்கள் கணினி பூசியவை. அதே எண்களை நீல நிறத்திலும் காட்டலாம். பெட் படம் நான்கைந்து மில்லிமீட்டருக்குக் கீழ் உள்ளதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டாது, எம்எஸ் புண்கள் சில அதைவிடச் சிறியவை. அதனால் எம்ஆர்ஐ படத்தின் மேல் பொருத்தித்தான் படிப்பார்கள். ஆய்வுப் படம் ஒன்றை மட்டும் வைத்து உங்கள் மருந்தை யாரும் மாற்றமாட்டார்கள். மாற்றச் சொன்னால் உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் முதலில் பேசுங்கள்.

கிளம்புமுன் ஒரு தாளில் நான்கு விவரங்களை எழுதித் தரச் சொல்லுங்கள்: தடங்காட்டியின் பெயர், எத்தனை மெகாபெக்கரல், தேதி, ஏற்றிய நேரம். டிஎஸ்பிஓ மரபணு வகையைச் சொன்னால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது வாழ்நாளில் மாறாது, அடுத்த ஆய்வுக்குக் கேட்பார்கள். தம்பி அந்தத் தாளைப் படமெடுத்துக் கைப்பேசியில் வைத்திருக்கிறான், எம்ஆர்ஐ கேடோலினியத்தின் பெயரும் தேதிகளும் அதற்கு அடுத்த படத்தில்.